தொழுநோயால் பாதிக்கப்பட்டவர் வீட்டுக்கு ஊழியம் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் சி.எஸ்.ஐ சேகரமானாலும், கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டப் பங்கானாலும், இரட்சணிய சேனையானாலும், வீடு சந்திக்கப் போகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். இந்த ஊழியத்துக்கு மனமிரக்கம் மட்டும் போதாது. உணர்ச்சி இல்லாத ஒரு காலை எப்படிக் கழுவுவது என்று தெரியாத இரக்கம், அந்தக் காலில் புதுப் புண்ணை உண்டாக்கிவிடும். அதனால் பதில்களில் பாதி வேதத்தைப் பற்றியும் பாதி வெந்நீரைப் பற்றியும் இருக்கும்.

தொழுநோய் இன்னும் இருக்கிறதா? ஒழிந்துவிட்டது என்றார்களே?

இருக்கிறது. 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே சிகிச்சையில் இருக்கிறார்கள் என்ற அளவை இந்தியா 2005 டிசம்பரில் எட்டியது. அதைத்தான் பலரும் ஒழிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். கிருமி உடம்புக்குள் போய் அடையாளம் தெரியச் சராசரியாக 5 வருடம் ஆகும். சிலருக்கு 20 வருடம்கூட ஆகும். ஆகவே புது நோயாளிகள் இன்னும் வருகிறார்கள்.

ஆனால் நீங்கள் போகப்போகிற வீடுகளில் பெரும்பாலும் இருப்பது மருந்து முடித்து, கிருமியும் நீங்கி, நரம்பு மட்டும் திரும்பி வராதவர்கள். அவர்களுக்கு நோய் இல்லை. உணர்ச்சியற்ற கையும் காலும், பக்கத்து வீட்டார் பார்க்கிற பார்வையும்தான் மிச்சம்.

தொட்டால் ஒட்டுமா?

கைகொடுப்பதாலோ, பக்கத்தில் உட்கார்ந்து கட்டன்சாயா குடிப்பதாலோ ஒட்டாது. சிகிச்சை எடுக்காத ஒருவரோடு நெடுநாள் நெருங்கி வாழும்போது, மூக்கு, வாய் நீர்த்துளி வழியாகத்தான் இது பரவுகிறது. மனிதரில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இயல்பாகவே எதிர்ப்புச் சக்தி உண்டு. மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பரப்பும் தன்மை போய்விடும்.

மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசு அந்த மனிதரிடம் வார்த்தையால் மட்டும் சுகம் கொடுத்திருக்கலாம். கையை நீட்டித் தொட்டார். பிறகுதான் நோய் நீங்கியது. அந்த வரிசையைக் கவனியுங்கள். கையுறை புண் கழுவும்போது மட்டும் போடவேண்டியது. வாசலிலேயே கையுறையோடு நிற்கிறவர் எவ்வளவு நல்ல ஜெபம் பண்ணினாலும் அந்த வீட்டார் கேட்பது கையுறையின் பேச்சைத்தான்.

திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணலாமா?

பண்ணலாம். மருந்து எடுத்தவரிடமிருந்து பாத்திரம் வழியாகத் தொழுநோய் வரும் என்ற பயத்துக்கு இடமே இல்லை. அவரைக் கடைசியாக வரச் சொல்வது, தனிக் கோப்பை கொடுப்பது இரண்டையும் நிறுத்துங்கள். விரல் மடங்கியவருக்கு அப்பத்தைக் கையில் வாங்கச் சிரமமாக இருக்கும். எப்படிக் கொடுத்தால் வசதி என்று முன்னாலேயே அவரிடமே கேட்டு, போதகரிடமோ அருட்தந்தையிடமோ சொல்லிவைத்தால் பீடத்தின் முன் தடுமாற்றம் இருக்காது.

விரல்கள் அழுகி விழுந்துவிடுமா?

விழாது. நரம்பு செத்ததால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் சூடும் வெட்டும் கொப்புளமும் கவனிக்கப்படாமல் போகின்றன. சீழ் எலும்புவரை இறங்குகிறது. எலும்பு கரைந்து விரல் குட்டையாகிறது. இரவில் எலி கடித்தாலும் தூக்கம் கலையாது. இதை 1940களின் கடைசியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தெளிவாகக் கண்டவர்களில் ஒருவர் கொல்லிமலையில் 1914இல் மிஷனரி வீட்டில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட். மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவையை அங்கே அவர் தொடங்கினார். காயத்தைத் தடுத்தால் விரலைக் காப்பாற்றலாம் என்பதே இந்த ஊழியத்தின் அடிப்படை. கட்டிலுக்கு அடியில் சோற்றுப்பருக்கை கிடக்காமல் பெருக்கிவிடுவதும், கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக் கட்டிக்கொடுப்பதும் ஊழியத்தில் சேர்ந்தவைதான்.

முதல் தடவை போகும்போது என்ன செய்யவேண்டும்?

இரண்டு பேராகப் போங்கள். பெண்கள் தனியே இருக்கும் வீடானால் ஒரு பெண்ணாவது கட்டாயம் வேண்டும். கும்பலாகப் போனால் அக்கம்பக்கம் எட்டிப்பார்க்கும். பலர் அந்த நோயை இன்னும் மருமகளிடம்கூடச் சொல்லாமல் வைத்திருப்பார்கள். தெருவில் வழி கேட்கும்போது நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். வீட்டுப் பெயரைச் சொன்னால் போதும்.

அன்றைக்குப் பையைத் திறக்கவே வேண்டாம். அவர் காட்டுகிற இடத்தில் உட்காருங்கள், கொடுக்கிறதைக் குடியுங்கள். மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் வைத்தால் சாப்பிடுங்கள். வயதுக்குத் தக்கபடி ஐயா, அம்மா, அக்கா, அண்ணன் என்று கூப்பிடுங்கள். 40 நிமிடம் போதும். கிளம்பும்போது அடுத்து வரும் நாளையும் நேரத்தையும் சொல்லி, அதே நாளில் அதே நேரத்துக்குப் போங்கள். லூக்கா 10இல் சமாரியன் காயத்தைக் கட்டியதோடு விடவில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, திரும்பி வருவேன் என்றும் சொல்லிப் போனான். பிரசங்கங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வருகிற அளவுக்கு இந்தத் திரும்பி வருதல் வருவதில்லை.

இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில் காலைப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

பையில் என்னென்ன வேண்டும்?

சோப்பு ஒன்று, தேங்காய் எண்ணெய் 100 மில்லி, கால் தேய்க்கும் சொரசொரப்பான கல், முகம் பார்க்கும் சிறு கண்ணாடி, கையுறை நான்கு ஜோடி, துவைத்துக் காயவைத்த பருத்தித் துணி அல்லது காஸ் துணி, சுருட்டுக்கட்டுத் துணி இரண்டு, கத்தரி, டார்ச், ஒரு நோட்டு. பிளேடு வேண்டவே வேண்டாம். தடித்த தோலை வெட்டிவிடத் தோன்றும். வெட்டினால் அவருக்கு வலிக்காது, நீங்களும் ஆழமாகப் போனது தெரியாமல் வெட்டிவிடுவீர்கள்.

நோட்டில் தேதி, எந்தக் காலில் எந்த இடத்தில் புண், விரல்கடை அளவில் எவ்வளவு அகலம், கூடியதா குறைந்ததா என்று எழுதுங்கள். போட்டோ எடுக்கவேண்டாம். பங்கின் வாட்ஸ்அப் குழுவில் போய்ச் சேரும் ஒரு படம் பத்து வருட நம்பிக்கையை ஒரே சாயங்காலத்தில் அழித்துவிடும்.

காலை ஊறவைத்துக் கழுவுவது எப்படி?

ஊழியத்தின் நடுவேலை இது. பெரிய வியாழன் ஆராதனையில் பாதம் கழுவுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அது ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், இது முடியாது.

அகலமான பேசினில் கணுக்கால் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். சாதாரணத் தண்ணீர், கிணற்றில் கோரியது அப்படியே போதும். அடுப்பில் வைக்கக்கூடாது. சுகமாக இருக்கட்டும் என்று வெந்நீர் கலந்து, பாதம் முழுக்கக் கொப்புளம் வந்து, மாதக்கணக்கில் ஆறாமல் போன கால்கள் உண்டு. சூடு பார்க்க அவருடைய பாதத்தையோ விரலையோ நம்பவே கூடாது. உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள்.

20 முதல் 30 நிமிடம் ஊறட்டும். அந்த அரைமணி நேரம் பேசுவதற்கு. சங்கீதம் வாசிக்கச் சொன்னால் வாசியுங்கள்; மகன் பணம் அனுப்பாததைப் பற்றிச் சொன்னால் அதைக் கேளுங்கள்.

பிறகு ஊறிய தடித்த தோலைக் கல்லால் மெதுவாகத் தேயுங்கள். குதிகால், பெருவிரல் அடி, சுண்டுவிரல் ஓரம் ஆகியவை முக்கியம். தோல் தடித்து ஏறினால் உள்ளே கல் வைத்து நடப்பதுபோல் அழுத்தி, அடியில் புண் உண்டாகும். ஒரே நாளில் வழவழப்பாக்கப் பார்க்காதீர்கள். தினமும் கொஞ்சம், அவ்வளவுதான்.

தண்ணீர் சொட்டுவதை மட்டும் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் இருக்கும்போதே எண்ணெய் தடவுங்கள். நரம்பு போன காலுக்கு வேர்வை இல்லை. வேர்வை இல்லாத தோல் வறண்டு வெடிக்கும். எண்ணெயின் வேலை உள்ளே போன ஈரத்தை வெளியே விடாமல் மூடிவைப்பது; காய்ந்த காலில் தடவினால் பாதிப் பலன்கூட இல்லை. விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் தேங்காமல் துடைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் அங்கே சேற்றுப்புண் வரும். நம் மாவட்டத்தில் இரண்டு மழையும் உண்டு.

கடைசியாகக் கண்ணாடியை அடியில் பிடித்து உள்ளங்காலை அவரே பார்க்கட்டும். சிவப்பு, கொப்புளம், கீறல், தொட்டால் மற்ற இடத்தைவிடச் சூடு: இந்த நான்கையும் தினமும் தேட அவருக்குப் பழக்கிவிடுங்கள். நீங்கள் வாரத்துக்கு ஒருநாள்தான் வருகிறீர்கள். மீதி ஆறு நாளும் அந்தக் கண்ணாடிதான் காவல்.

உள்ளங்காலில் ஏற்கனவே புண் இருந்தால்?

மருந்து எது என்று எல்லாரும் கேட்கிறார்கள். பெரிய மருந்து நடக்காமல் இருப்பது. வலி இல்லாததால் அவர் அந்தப் புண்மேலேயே நடந்து சந்தைக்குப் போய்வருவார். எவ்வளவு விலையான களிம்பு போட்டாலும் ஒவ்வொரு அடியும் அதை மறுபடி பிளக்கும். ஆகவே தண்ணீர் கோர, ரேஷன் வாங்க, ஆடு அவிழ்த்துக் கட்ட யார் என்று ஏற்பாடு பண்ணுங்கள். பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பக் குழுவான அன்பியத்திலோ பெண்கள் சங்கத்திலோ முறைவைத்துப் பிரித்துக்கொள்ளலாம். ரேஷன் வாங்கிக்கொடுப்பதுதான் அங்கே புண் மருந்து.

கழுவ: ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டிய ஒன்றரைத் தேக்கரண்டி, போட்டு 10 நிமிடம் கொதிக்கவைத்து, மூடியே ஆறவிட்டு, முழுக்கக் குளிர்ந்தபின் பயன்படுத்துங்கள். சுத்தத் துணியால் மூடிக் கட்டுங்கள். மஞ்சள்பொடி, காப்பிப்பொடி, பச்சிலை, டிங்சர் எதுவும் வேண்டாம். ஈ மொய்த்துப் புழு வைத்திருந்தால் முகம் சுளிக்காமல் மூடிக் கட்டி, அன்றைக்கே செவிலியரிடம் கொண்டுபோங்கள்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய அறிகுறிகள் எவை?

தோலில் உள்ள பழைய படைகள் (நிறம் மாறிய திட்டுகள்) திடீரென்று சிவந்து வீங்குவது. முழங்கை உள்பக்கத்திலோ முழங்கால் வெளிப்பக்கத்திலோ நரம்பு வலிப்பது. நேற்றுவரை பிடித்த டம்ளர் இன்று நழுவுவது. நடக்கும்போது முன்பாதம் தொங்குவது. கண் சிவந்து வலிப்பது, மங்குவது, இமை மூடாமல் நிற்பது. புண்ணோடு காய்ச்சலும் காலில் வீக்கமும் வருவது.

முதலில் சொன்னவை கிருமிக்கு எதிராக உடம்பே பொங்குவதால் வருகிறவை. மருந்து சாப்பிடும்போதும் வரும், முடித்த பிறகும் வரும். நரம்பு இழப்பு வந்து 6 மாதத்துக்குள் சரியான சிகிச்சை தொடங்கினால் மீள வாய்ப்பு இருக்கிறது, அதன்பின் கடினம். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. மருந்துதான் இப்படிப் பண்ணுகிறது என்று வீட்டில் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக்கூடாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கூட்டிப்போங்கள். வண்டிக்கும் துணைக்கும் நீங்கள் பொறுப்பு.

மருந்து எவ்வளவு நாள்? எங்கே கிடைக்கும்?

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஐந்து படைகள்வரை உள்ள லேசான வகைக்கு 6 மாதம், அதற்கு மேல் உள்ள வகைக்கு 12 மாதம். அட்டை ஒன்று 28 நாளுக்கு. மாதத்தின் முதல் வேளையைச் சுகாதாரப் பணியாளர் முன்னால் சாப்பிடவேண்டும். அந்த மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசினால் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயம் வேண்டாம். அட்டையில் உள்ள இன்னொரு மருந்தான குளோஃபாசிமினால் தோல் கறுக்கும். மருந்து முடிந்த சில மாதங்களில் மெல்லத் தெளியும். கல்யாண வயதுப் பிள்ளைகள் மருந்தைப் பாதியில் விடுவதற்கு இந்தக் கறுப்பு ஒரு முக்கியக் காரணம். முன்னாலேயே சொல்லிவைத்தால் விடமாட்டார்கள்.

மாத்திரையை நிறுத்தக்கூடாது என்பதற்கு ஒரு விலக்கு: தொடங்கிய முதல் சில வாரங்களில் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, கண் மஞ்சள் வந்தால் அது அட்டையில் உள்ள டாப்சோன் என்ற மருந்தின் ஒவ்வாமையாக இருக்கலாம். அப்போது மட்டும் அடுத்த வேளையை நிறுத்தி உடனே டாக்டரிடம் போகவேண்டும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு என்ன சொல்வது?

வேலையை விடச் சொல்லாதீர்கள். வேலைதான் அவர் மரியாதை. அபாயத்தை மட்டும் காட்டுங்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் அண்டியாபீசுக்கு (முந்திரி ஆலைக்கு) வேலைக்குப் போகும் பெண்களுக்குக் கொல்லாங்கொட்டைத் தோட்டு எண்ணெய் கையைப் பொசுக்கும்; உணர்ச்சி உள்ளவர் கையை இழுத்துக்கொள்வார், இவருக்குத் தெரியாது. கையுறை, வேலைக்கு முன்னும் பின்னும் எண்ணெய், ஒரு மணிக்கொரு தடவை கையைப் பார்ப்பது ஆகிய மூன்றும் வேண்டும். ரப்பர் பால் வெட்டுகிறவர் கத்திப்பிடியில் சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றிப் பிடியைப் பருமனாக்கலாம். மெல்லிய பிடியை இறுக்கிப் பிடித்தால் உள்ளங்கை கிழியும். கடற்கரையில் உள்ளவர்கள் உச்சிவெயிலில் மணலில் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. சமையலில் சட்டி இறக்க முழம் நீளத் துணி, பிடியுள்ள டம்ளர், மரப்பிடிக் கரண்டி.

கிறிஸ்துமஸுக்குச் செருப்பு வாங்கிக் கொடுக்கலாமா?

ஹவாய் செருப்பு வேண்டாம். விரலிடையில் வரும் வார் உரசிப் புண்ணாக்கும். உணர்ச்சி இல்லாத காலிலிருந்து அது நழுவி விழுந்தாலும் தெரியாது. தேவை எம்.சி.ஆர் செருப்பு: உள்ளே மெத்தென்ற நுண்துளை ரப்பர், அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர், பின்னால் வார், ஆணி ஒன்றுகூட இல்லாமல் ஒட்டித் தைத்தது. காலை அளந்துதான் வாங்கவேண்டும். முதல் நாள் அரைமணி நேரம் போட்டுக் கழற்றி, சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே ரப்பர் சப்பையாகிவிட்டால் மாற்றுங்கள். மொத்தமாக நூறு ஜோடி ஒரே அளவில் வாங்கி மேடையில் கொடுப்பது, மேடைக்கு மட்டுமே உதவும்.

சுகத்துக்காக ஜெபம் பண்ணலாமா?

பண்ணுங்கள், அவர் கேட்டால். மாத்திரையைத் தூக்கிப்போடு, விசுவாசம் போதும் என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. அப்படிச் சொல்லி நிறுத்தியவரின் கை மடங்கும்போது அவர் தன் விசுவாசத்தைத்தான் குறைசொல்வார். அந்தப் பாரத்தை அவர்மேல் வைக்க நமக்கு உரிமை இல்லை. பாவத்தால் வந்த நோய் என்ற பேச்சும் வேண்டாம். இது கிருமியால் வருவது. 1873இல் நார்வேயில் ஹான்சன் அந்தக் கிருமியைக் கண்டார். வேதபாடத்தில் பழைய மொழிபெயர்ப்பின் குஷ்டரோகி என்ற சொல் வரும் நாளில், அவர் ஆலயத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை நினைத்து விளக்கம் சொல்லுங்கள்.

வீட்டார் இந்துக்கள் அல்லது முஸ்லிம்கள் என்றால்?

காலைக் கழுவுங்கள். மதப் பிரசாரக் கைப்பிரதியைப் பையில் வைக்காதீர்கள். ஆலயத்துக்கு வந்தால் அரிசி என்ற தொனி துளி வந்தாலும் அது ஊழியம் அல்ல, பேரம். மத்தேயு 25இல் பசித்தவருக்கும் வியாதியஸ்தருக்கும் செய்தவர்கள், அது கிறிஸ்துவுக்குச் செய்தது என்று தெரியாமலே செய்தார்கள். எதற்காக இதைச் செய்கிறீர்கள் என்று அவரே கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

அசனத்தில் (ஆலயத்தின் பொது விருந்தில்) அவருக்குச் சாப்பாட்டை வீட்டுக்கே கொடுத்தனுப்பலாம் அல்லவா?

வரமுடியாதவருக்குக் கொடுத்தனுப்புங்கள். வரமுடிந்தவரைக் கூட்டிவந்து பந்தியில் நடுவில் உட்காரவையுங்கள். நட்டாலத்தில் பிறந்த புனித தேவசகாயம், 1745இல் திருமுழுக்குப் பெற்றபின், சாதி பாராமல் எல்லாரோடும் பழகியது அவர்மேல் வந்த பகைக்கு ஒரு காரணம். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருடைய மண்ணில் ஒருவருக்குத் தனி இலை போடுவது எப்படிச் சரியாகும்? பிடிக்க வசதியாகக் குழிவான தட்டும் தடித்த பிடியுள்ள கரண்டியும் கேட்டால் கொடுங்கள்.

மருத்துவ ஊழியம் நம் மாவட்டத்தில் எப்போதிலிருந்து?

நெய்யூரில் லண்டன் மிஷன் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838இல் மருத்துவ வேலையைத் தொடங்கினார். நாகர்கோவிலில் இரட்சணிய சேனையின் ஹாரி ஆண்ட்ரூஸ் 1890களில் சிறு மருந்தகமாகத் தொடங்கியதுதான் வடசேரி கேதரின் பூத் மருத்துவமனையாக வளர்ந்தது. 1922 எவரெஸ்ட் பயணத்தை முடித்து நெய்யூரைப் பார்க்கவந்த டாக்டர் சாமர்வெல், நோயாளிகள் காத்துக்கிடந்ததைக் கண்டு லண்டன் வேலையை விட்டு இங்கே வந்து சேர்ந்தார்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் இதே குழு பார்க்கலாமா?

பார்க்கலாம். பனையேறி விழுந்து முதுகெலும்பு முறிந்தவர், பக்கவாதம் வந்தவர் எல்லாருக்கும் எதிரி படுக்கைப்புண். இரண்டு மணிக்கொரு தடவை பக்கம் மாற்றவேண்டும். நேரத்தைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பிட்டத்துக்கு மேல் எலும்பு, இடுப்பு ஓரம், குதிகால், தலையின் பின்பக்கம் ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், உள்ளே சதை கிழியும். வட்ட டியூபில் உட்காரவைப்பதும் தவறு; ஓரம் அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். பகலெல்லாம் அவரைத் திருப்பிப்போடும் மனைவிக்கோ மகளுக்கோ வாரத்தில் மூன்று மணி நேரம் ஓய்வு கொடுப்பதும் உங்கள் வேலை.

அரசு உதவி உண்டா?

உண்டு. தொழுநோயிலிருந்து குணமாகி ஊனத்தோடு இருப்பவர்கள் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் வருகிறார்கள். மருத்துவச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், போட்டோ ஆகியவற்றோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும் பராமரிப்பு உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். விரல்ரேகை பதியாததால் பலர் ஆதாரிலும் ரேஷனிலும் திரும்பிவருகிறார்கள். கருவிழிப் பதிவு கேட்டு, பதியும்வரை கூடவே நில்லுங்கள். இந்நோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டும் பிரிவு 2019இல் நீக்கப்பட்டுவிட்டது என்பதையும் வீட்டாருக்குச் சொல்லுங்கள்.

இறந்தால் கல்லறைத் தோட்டத்தில் எங்கே அடக்கம்?

எல்லாரையும் வைக்கிற வரிசையில். குளிப்பாட்டுவதாலும் முத்தமிடுவதாலும் ஒன்றும் வராது. ஓரத்தில் இடம் காட்டினால் சபைக்கமிட்டியில் அன்றைக்கே பேசுங்கள்.

ஒரு வாரம் போகமுடியாவிட்டால்?

முந்தின நாளே சொல்லி அனுப்புங்கள், வேறு ஒருவரையாவது போகச் சொல்லுங்கள். அவர் காலையிலேயே பேசினில் தண்ணீர் கோரி வைத்து, வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.